டிராகன் இறந்த பிறகு அதன் பாகன் என்ன ஆகிறார்? (கதை முடிவுகள் வெளிப்படும்)

வெண்சிறகு:

நேற்று இரவு ஆன் மெக்காஃப்ரியின் ‘டிராகன்குவெஸ்ட்’ படித்து முடித்தேன். 1971இல் வந்த புத்தகம், எனக்கு இப்போதுதான் கைக்குக் கிடைத்தது. பிரெக்கி வரும் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன். அப்புறம்தான் மீதியைப் படித்தேன்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்ன் என்ற கிரகம். முட்டையை உடைத்து வெளியே வரும் டிராகன் குஞ்சு, மணலில் காத்து நிற்கும் இளைஞர்களில் தனக்கான ஒருவரைத் தேடிப் போகும். கண்கள் சந்தித்ததும் இரண்டு மனங்களும் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சாகும்வரை பிரிவில்லை. பாகன் இறந்தால், டிராகன் ‘இடைவெளி’ என்ற குளிர்ந்த இருட்டுக்குள் பாய்ந்து, திரும்பி வராது. டிராகன் முதலில் இறந்தால்? அதுதான் பிரெக்கி. அவளுடைய விரெந்த் இணைசேர முதன்முறை வானில் எழும்போது, கைலாரா என்ற இன்னொரு பாகியின் பிரிடித்தும் எழுந்து வந்துவிடுகிறது. இரண்டு ராணி டிராகன்களும் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு இடைவெளிக்குள் மறைகின்றன. பிரெக்கி உயிரோடு மிஞ்சுகிறாள். கண் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

பள்ளி நாளிலிருந்து எனக்கும் ஒரு டிராகன் வேண்டும் என்று ஆசை. நேற்றுதான் முதன்முறையாக வேண்டாம் என்று தோன்றியது. இது அன்பா, அவிழ்க்கவே முடியாதபடி போட்ட கட்டா? மற்ற கதைகளில் எப்படி இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

-----

பழைய அலமாரி:

வெண்சிறகு, லைட்டாலை விட்டுவிட்டீர்களே! முதல் நாவலான ‘டிராகன்ஃப்ளைட்’டிலேயே (1968) வருகிறார். லார்த் என்ற தன் டிராகனை இழந்தவர். டிராகன் பாகர்கள் வாழும் இடத்தை விட்டு வெளியேறி, நெசவு கற்று, பிறகு ருவாத்தா என்ற கோட்டையை நிர்வகிப்பவர் ஆகிறார். டிராகன்கள் அருகே வரும்போது அவர் கன்னத்தில் ஒரு தசை துடிக்கும். மெக்காஃப்ரி அந்தத் துடிப்பைத்தான் காட்டுவார், அழவைக்க மாட்டார். எனக்கு அது போதும்.

அந்த லைட்டால் வளர்க்கும் பையன்தான் ஜாக்ஸம். நீங்கள் படித்த அதே புத்தகத்தின் கடைசியில், யாரும் கவனிக்காத சின்ன முட்டையை உடைத்துவிட்டு ஒரு வெள்ளை டிராகனோடு நிற்கிறானே, அவன். தான் இழந்தது தன் வளர்ப்புப் பிள்ளையின் கையில் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். அந்த இடத்தை மறுபடி படியுங்கள். பிரெக்கியின் காட்சி எவ்வளவு கனமோ, இதுவும் அவ்வளவு கனம்.

-----

கடலோடி:

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் புத்தகம் நயோமி நோவிக்கின் டெமரேர் வரிசை. 2006 முதல் 2016 வரை ஒன்பது நாவல்கள். நெப்போலியன் காலத்துப் போர், ஆனால் வானப்படையாக டிராகன்கள். இங்கே மனத்தோடு மனம் பேசுவது கிடையாது. டிராகன்கள் வாயால் பேசும், வாதாடும், புத்தகம் படிக்கச் சொல்லிக் கேட்கும்.

லாரன்ஸ் ஒரு கடற்படைக் கேப்டன். பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைப் பிடிக்கிறார், அதில் ஒரு முட்டை இருக்கிறது, நடுக்கடலில் பொரியப் போகிறது. சேணம் பூட்டப் போவது யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்து ஒரு இளைஞனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியே வந்த குஞ்சு (அதுதான் டெமரேர்) அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக லாரன்ஸிடம் போய், ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று கேட்கிறது. அந்தக் கேள்வியோடு அவருடைய கப்பல் வாழ்க்கை, கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்துபோகிறது. அவர் விரும்பி வந்த உறவு இல்லை இது. விருப்பம் பின்னால் வருகிறது, அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

நான் சொல்ல வந்தது லெவிடாஸ் பற்றி. முதல் புத்தகத்தில் வரும் சின்ன டிராகன், தூது கொண்டுபோகும் இனம். அதன் கேப்டன் ரேங்கின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. டிராகனை ஒரு வண்டிமாடு அளவுக்குக்கூட மதிக்காதவர். பறந்து வந்து இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சேணம் அழுக்கேறிக் கிடக்கும், உடம்பைக் கழுவிவிட ஆள் கிடையாது. அப்படியும் லெவிடாஸ் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கும், கேப்டன் வருவார் என்று. கடைசியில் படுகாயத்தோடு செய்தி கொண்டுவந்து சாகக் கிடக்கிறது. அப்போதும் ரேங்கின் வரவில்லை. லாரன்ஸ் போய் அவரை இழுத்துக்கொண்டு வந்து, நாலு நல்ல வார்த்தை சொல்ல வைக்கிறார். அந்த வார்த்தைகளைக் கேட்டபடியே அது கண் மூடுகிறது. அதற்கு அதுவே போதுமாக இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிணைப்பு அன்புக்கு உத்தரவாதம் இல்லை என்று வேறு எந்தக் கதையும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை. பெர்னில் ரேங்கினுக்கு இடமே இல்லை. அங்கே டிராகனின் வலி பாகனுக்கும் வலிக்கும், அதனால் கொடுமை செய்ய முடியாது. நோவிக் அந்த வேலியை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு நல்லவராக இருப்பது லாரன்ஸின் சொந்த முடிவாகிறது.

-----

நள்ளிரவு வாசகி:

//பெர்னில் ரேங்கினுக்கு இடமே இல்லை//

டிராகன் பக்கமிருந்து பார்த்தால் சரி. மனிதர் பக்கமிருந்து பாருங்கள். ராணி டிராகன் இணைசேர எழும்போது அதன் வெறி பாகியின் உடம்புக்குள்ளும் வந்துவிடும். எந்த ஆண் டிராகன் அதைப் பிடிக்கிறதோ, அதன் பாகனோடு அவள் படுக்கையில் இருப்பாள். ‘டிராகன்ஃப்ளைட்’ நாயகி லெஸ்ஸாவுக்கு நடப்பது அதுதான். அவளை யாரும் கேட்கவில்லை. ஏன், என்ன நடக்கும் என்று முன்கூட்டி விளக்கிச் சொல்லவும் இல்லை.

1968இல் எழுதியது, அந்தக் காலம் அப்படி என்று பலர் கடந்துபோகிறார்கள். நான் பத்தொன்பது வயதில் படித்தபோது ‘எவ்வளவு காதல்!’ என்றுதான் நினைத்தேன். முப்பத்தைந்தில் மறுபடி படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மனம் ஒன்றாவது அழகு என்கிறோம், சரி. ஒன்றான பிறகு ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் வாய் எது? வெண்சிறகு கேட்ட கட்டு அதுதான் என்று நினைக்கிறேன். மெக்காஃப்ரியை நான் மிகவும் மதிக்கிறேன். புனைகதைக்கு ஹ்யூகோ விருது வாங்கிய முதல் பெண் அவர், அதுவும் பெர்ன் உலகில் நடக்கும் ஒரு குறுநாவலுக்காக, 1968இல். மதிப்பதால்தான் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

-----

பழைய அலமாரி:

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் லெஸ்ஸாவின் கதை அந்தப் படுக்கையில் தொடங்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பம் மொத்தத்தையும் ஃபாக்ஸ் என்ற ஆக்கிரமிப்பாளன் கொன்ற பிறகு, சொந்த வீட்டிலேயே அடையாளத்தை மறைத்துக்கொண்டு, அழுக்கு வேலைக்காரியாகப் பத்து வருடம் இருந்தவள் அவள். யாரிடமும் உண்மை பேசாத பத்து வருடம். பிறகு ராமோத் என்ற ராணி டிராகன் குஞ்சு அவளைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் கோபம், தந்திரம், பயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எதையும் ஒளிக்க வேண்டியதில்லை என்று ஒருத்திக்குத் தெரியவரும் நிமிடம் அது. நாம் இந்தக் கதைகளுக்கு ஏன் ஏங்குகிறோம் என்றால், என்னைப் பொறுத்தவரை அந்த நிமிடத்துக்காகத்தான். பறப்பதற்காக இல்லை.

-----

மலைச்சாரல்:

இழையின் தலைப்பில் ‘பாகன்’ என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். ‘ஓட்டுநர்’ என்றால் பேருந்து நினைவுக்கு வருகிறது, ‘சவாரிக்காரர்’ என்றால் குதிரை வாடகைக்கு விடுகிறவர்போல இருக்கிறது. பாகன் என்ற சொல்லில் மட்டும்தான் கூடவே வாழ்கிற அர்த்தம் இருக்கிறது. அங்குசமும் அதற்குள்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் யானையின் பாகன் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புதிதாக வந்தவரை யானை அருகில் விடவில்லை, கவளத்தைத் தொடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இறந்தவர் வீட்டுக்குப் போய் அவருடைய பழைய துண்டைக் கேட்டு வாங்கி வந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, அதட்டவில்லை. மூன்றாம் நாள் யானை துதிக்கையை நீட்டி அந்தத் துண்டைத் தொட்டது. அதன் பிறகே அவர் எழுந்து தண்ணீர் காட்டினார். மனம் மனத்தோடு பேசுகிற மந்திரம் எதுவும் அங்கே இல்லை.

சங்கிலியும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். இந்த உறவைத் தமிழில் ‘பிணைப்பு’ என்கிறோம். பிணை என்றால் கட்டு, பிணை என்றால் ஜாமீன், பிணைக்கைதி என்பதிலும் அதே பிணைதான். வெண்சிறகு கேட்ட இரண்டும் நம் மொழியில் ஒரே வேரில் இருக்கிறது.

-----

கடலோடி:

மலைச்சாரல், நீங்கள் சொன்ன பிணைக்கைதி டெமரேர் கதையில் எழுத்துக்கு எழுத்து நடக்கிறது!

பிரிட்டிஷ் அரசு பிரெஞ்சு டிராகன்களுக்கு வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறது. லாரன்ஸும் டெமரேரும் மருந்தைக் கொண்டுபோய்ப் பிரான்சிடம் கொடுத்துவிடுகிறார்கள். தேசத்துரோகம், மரண தண்டனை. ஆனால் லாரன்ஸைத் தூக்கில் போட்டால் டெமரேர் என்ன செய்யும் என்று அரசுக்குப் பயம். அதனால் தண்டனையை நிறுத்திவைத்து, அவரைச் சிறையில் வைத்துவிட்டு, டெமரேரை வேல்ஸ் மலைப்பகுதியில் இனப்பெருக்கக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நீ ஒழுங்காக இருந்தால் உன் கேப்டன் உயிரோடு இருப்பார், அவ்வளவுதான் பேரம். ஐந்தாவது புத்தகம் ‘விக்டரி ஆஃப் ஈகிள்ஸ்’ (2008) அங்கேதான் தொடங்குகிறது.

அதுவரை நான்கு புத்தகமாக நாம் ரசித்த அன்பையே அரசு விலங்காக மாட்டுகிறது. முட்டை பொரிந்ததும் சேணம் பூட்டாவிட்டால் டிராகன் காட்டு விலங்காகிவிடும் என்று எல்லோரும் நம்பியது எதற்காக என்பது அப்போது புரிகிறது. டிராகனைக் கட்டுப்படுத்த இருபது டன் சங்கிலி வேண்டாம், அதற்குப் பிடித்த ஒரு மனிதர் கையில் இருந்தால் போதும். சீனாவுக்குப் போகும் இரண்டாம் புத்தகத்திலேயே இதற்கு விதை போட்டிருப்பார் நோவிக். அங்கே டிராகன்கள் தெருவில் நடக்கும், சம்பாதிக்கும், வளர்ந்த பிறகு தனக்கு வேண்டிய துணையைத் தானே தேர்ந்தெடுக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த டெமரேரால் பழையபடி இருக்க முடிவதில்லை. சம்பளம் கேட்கிறது, ஓட்டுரிமை பேசுகிறது. லாரன்ஸை விட்டுப் போகவும் மறுக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

-----

தீக்குச்சி:

புத்தகங்களாகவே பேசுகிறீர்கள், நான் படம் பார்க்கிறவன். ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ (2010). கிரெசிடா கோவெல் எழுதிய புத்தகத்துக்கும் படத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் பேசுவது படத்தை.

மலைச்சாரல் சொன்ன துண்டுக் கதையைப் படித்ததும் எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. ஹிக்கப் என்ற பையன் டூத்லெஸ் என்ற டிராகனை மண்ணில் வரைகிறான். அது ஒரு மரக்கிளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து மண்ணெங்கும் கோடு இழுக்கிறது. தெரியாமல் கோட்டை மிதித்தால் உறுமுகிறது. காலை எடுத்தால் அமைதியாகிறது. அவன் ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தாண்டி, கடைசியில் அதன் மூச்சுப் படும் தூரத்துக்கு வந்துவிடுகிறான். கையை நீட்டுகிறான், அது பின்வாங்குகிறது. அப்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, கையை மட்டும் நடுவழியில் நிறுத்துகிறான். மீதித் தூரத்தை டிராகன் வந்து கடக்கிறது. வசனம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம் அந்த வால். டூத்லெஸ் பறக்க முடியாமல் போனதே ஹிக்கப் சுட்டு வீழ்த்தியதால்தான். அவன் செய்துகொடுத்த செயற்கை வால்துடுப்பை அவன் காலால் இயக்கினால்தான் அது பறக்கும். அதாவது அவன் இல்லாமல் அதற்கு வானம் இல்லை. இது உறவா, சார்பா? படம் எடுத்தவர்களுக்கே இந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். 2011இல் வந்த சின்னப் படத்தில், தனியாகப் பறக்கக்கூடிய ஒரு வாலை ஹிக்கப் செய்து கொடுக்கிறான். பூட்டியதும் டூத்லெஸ் பறந்து போய்விடுகிறது. நாள் கணக்கில் வரவில்லை. திரும்பி வந்த பிறகு அந்தப் புது வாலைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டு, பழைய வாலைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறது. போக முடியும் என்று ஆன பிறகு, போகாமல் இருப்பதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 2019இல் மூன்றாம் படத்தில் அதே மாதிரி ஒரு வாலை அவன் மறுபடி செய்கிறான். இந்த முறை அதற்கென ஒரு துணை இருக்கிறது, அதனால் போகவிடுகிறான்.

முதல் படத்தின் முடிவில் ஹிக்கப்புக்கும் ஒரு கால் போய்விடுகிறது. எழுந்து நிற்கத் தடுமாறும்போது டூத்லெஸ்தான் தலையைக் கொடுத்துத் தாங்குகிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

-----

நள்ளிரவு வாசகி:

தீக்குச்சி, அந்த 2011 படம் எனக்குத் தெரியாது. இன்றே பார்க்கிறேன். நான் கேட்ட ‘வேண்டாம் என்று சொல்லும் வாய்’ அந்த வால்தான்.

-----

உப்புக்காற்று:

வெண்சிறகின் முதல் கேள்விக்கு யாரும் ‘எரகான்’ சொல்லவில்லையே. எழுத்து நடை பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். கிறிஸ்டோபர் பவோலினி பதினைந்து வயதில் எழுதத் தொடங்கியது அது. ஆனால் டிராகனை இழந்தவர்களை அந்தப் பையன் மிக நன்றாகப் புரிந்துவைத்திருந்தான்.

கால்பட்டோரிக்ஸ் வில்லன். ஏன் வில்லன் ஆனான்? அவன் டிராகன் கொல்லப்படுகிறது. பித்துப் பிடித்ததுபோல் அலைந்து வந்து, எனக்கு இன்னொரு டிராகன் கொடுங்கள் என்று பெரியவர்களிடம் கேட்கிறான். மறுக்கிறார்கள். அதன் பிறகு ஷ்ரூய்க்கன் என்ற குஞ்சைத் திருடி, அதன் உண்மையான பாகனைக் கொன்று, கறுப்பு மந்திரத்தால் தன்னோடு கட்டிப்போடுகிறான். ஒரு பேரரசே அந்தத் துக்கத்தின் மேல்தான் எழுகிறது.

புரோமும் தன் டிராகனை இழந்தவர்தான். அதன் பெயர் சஃபீரா. அவர் ஒரு சின்னக் கிராமத்தில் கதைசொல்லியாக உட்கார்ந்துவிடுகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. வருடங்கள் கழித்து ஒரு பையனிடம் நீல டிராகன் குஞ்சு வருகிறது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தெரியாமல், கிழவரிடம் வந்து பழைய டிராகன் பெயர்களைக் கேட்கிறான். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக மெல்லிய குரலில் சஃபீரா என்கிறார். பையன் அதையே வைத்துவிடுகிறான், அவர் யாரை அழைத்தார் என்று தெரியாமலே.

ஒரே இழப்பு. ஒருவன் அந்த இடத்தில் வேறொன்றை வலுக்கட்டாயமாகப் பூட்டினான். இன்னொருவர் அந்தப் பெயரை வேறொருவருக்குக் கொடுத்தார்.

-----

மலைச்சாரல்:

உப்புக்காற்று, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துண்டும் பெயரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

-----

சாம்பல் வீதி:

தாமதமாக வருகிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ படித்தவர்கள் நெட்டில்ஸை மறக்கக் கூடாது. பெரிய குலம் எதுவும் இல்லாத பெண். ஷீப்ஸ்டீலர் என்ற காட்டு டிராகனுக்குத் தினமும் காலையில் ஒரு ஆட்டை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தே பழக்கிவிடுகிறாள். அரச ரத்தம்தான் டிராகனை ஆளும் என்று மார்தட்டிய கூட்டத்தில் பலர் அதே டிராகன்களிடம் எரிந்து சாகும்போது, இவள் பொறுமையாக ஆடு கொண்டுபோகிறாள்.

அந்த உலகில் பாகன் இறந்தால் டிராகன் வேறொருவரை ஏற்கும். வேகார் என்ற கிழட்டு டிராகன் நான்கு பேரைச் சுமந்திருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய மிருகத்துக்கு அவர்கள் வெறும் நான்கு பருவங்கள் என்று எனக்குத் தோன்றும். இந்தக் கதையின் தொலைக்காட்சித் தொடரில் அதன் நான்காவது பாகன் ஏமண்ட் கத்திக் கத்தித் தடுத்தும் அது கேட்காமல் சின்ன டிராகனையும் அதன் மேல் இருந்த பையனையும் கடித்துக் கிழிக்கிறதே, அந்த முகத்தைப் பாருங்கள். தன் கையில் இருந்தது கடிவாளம் இல்லை என்று அவன் அப்போதுதான் உணர்கிறான். பெர்ன் டிராகன்கள் கனிவானவை, சரி. எனக்கு வேகார்தான் உண்மையாகப் படுகிறது.

-----

வெண்சிறகு:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. பழைய அலமாரி சொன்னபடி ஜாக்ஸம் வரும் இடத்தை மறுபடி படித்தேன். அதோடு நிற்க முடியாமல் அடுத்த நாவலான ‘தி ஒயிட் டிராகன்’ (1978) வாங்கி நேற்று முடித்தேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ‘டிராகன்குவெஸ்ட்’டில் பிரெக்கியைப் பொரிப்பு மணலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், புதிய ராணிக் குஞ்சு அவளை ஏற்றால் பிழைத்துக்கொள்வாள் என்று. அவள் ஏற்கவில்லை. முதல் வாசிப்பில் அதை நான் தோல்வியாக எடுத்துக்கொண்டேன். உப்புக்காற்று கால்பட்டோரிக்ஸ் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான், விரெந்தின் இடத்தில் வேறொன்றை அமர்த்த அவளுக்கு மனம் வரவில்லை என்று புரிந்தது. அந்த முழுக் கதையிலும் ‘வேண்டாம்’ என்று சொன்னவள் அவள்.

‘தி ஒயிட் டிராகன்’ புத்தகத்தில் அவள் திரும்ப வருகிறாள். தென்கண்டத்தின் ஒரு கடற்கரையில் ஜாக்ஸம் கடும் காய்ச்சலில் விழுந்து கிடக்கிறான். கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று கட்டுப் போட்டிருக்கிறது. நாள் கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி பிரெக்கி. அவளுக்கு எந்த டிராகனின் குரலும் கேட்கும். விரெந்த் போன பிறகும் அந்தக் காது மூடவில்லை. வெளியே ஜாக்ஸமின் வெள்ளை டிராகன் ரூத் கவலையோடு காத்திருக்கிறது, உள்ளே அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

மலைச்சாரல், உங்கள் கோயில் யானை இப்போதும் இருக்கிறதா?

-----

மலைச்சாரல்:

இல்லை. நான் கல்லூரியில் இருந்தபோது இறந்துவிட்டது. அந்த இரண்டாவது பாகன் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அடுத்த யானைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. துண்டு அவரிடம்தான் இருக்கிறது.